கிழக்கிலிருந்து பார்த்த கட்டிடங்கள்

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளும் திருவிழாச் சப்பரத்தின் சக்கரங்களும் போட்டு வைத்திருந்த ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இங்கிலீஷ் பேசினார்கள். ஃபாதர் இடம் மட்டும் கொடுத்திருந்தார். வாத்தியார் என்று யாரும் கிடையாது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கிற, அல்லது பார்க்க ஆசைப்படுகிற இளவட்டங்கள் தாங்களாகவே கூடி, 'ராயபுரம் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் சர்க்கிள்' என்று பெயரும் வைத்துக்கொண்டு, ஒருவன் தப்பை இன்னொருவன் திருத்தி, பல சமயம் சரியாக இருந்ததையும் தப்பாகத் திருத்தி நடத்தி வந்தார்கள். இது அறுபத்தேழாம் வருஷத்துக் கதை. இங்கிலீஷ் வந்தால் வேலை வரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம்.

சட்டதிட்டங்கள் சுலபமானவை. ஒரு பிஸ்கட் டின்னில் தலைப்புகள் எழுதிய சீட்டுகள் இருக்கும். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும், எழுந்து நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நேரம் ஆனதும் மணி அடிக்கும். நடுவில் எவனாவது தமிழில் வாயைத் திறந்தால், எதிர்க் கடைக்குப் போய் எல்லோருக்கும் கெட்டிலில் டீ வாங்கி வருவது அவன் தலையில் விழும். வாங்கி வந்தால் மட்டும் போதாது, அவனே ஊற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும்.

அதிகமாக டீ வாங்கியவன் ரகுபதிதான். கடலோரக் குப்பத்துப் பையன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அவன் வீட்டில் அதுவரை அந்த வரைக்கும் யாரும் படித்ததில்லை. தண்டையார்பேட்டைக் கிடங்கு ஒன்றில் இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற தினக்கூலி வேலை. அவனுடைய இங்கிலீஷ் 'குட் ஈவினிங், ஃப்ரெண்ட்ஸ்' என்பது வரைக்கும் கப்பல் மாதிரி கம்பீரமாக வரும். அதற்கப்புறம் தரை தட்டிவிடும். காதெல்லாம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். கடைசியில், "இன்னாடா இது பேஜாரா கீது" என்று அவனையறியாமல் தமிழ் விழும். ஹாலே கைதட்டும். கெட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

மணி அடிக்கிற வேலை இன்னாசியுடையது. அவனும் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைதான், கோயில் தெருக்காரன். ரகுபதிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்து. வீடு வேறு, சாமி வேறு என்றாலும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இன்னாசியின் அண்ணன்மார்கள் புதிதாக ஒரு லாஞ்சு வாங்கியிருந்தார்கள், இஞ்சின் வைத்த படகு. ரகுபதியின் அண்ணன் ராமதாஸிடம் இருந்தது அப்பா விட்டுப்போன கட்டுமரம். கடலில் அவர்கள் போட்டிக்காரர்கள். கரையில் இவர்கள் கூட்டாளிகள்.

அந்த ஹாலைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அங்கே இங்கிலீஷில் பேசியதற்கும் நிஜத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சைக்கிளுக்கே வழியில்லாதவன் இங்கிலீஷில் கார் ஓட்டினான். செங்கல்பட்டைத் தாண்டாதவன் காஷ்மீரில் லீவைக் கழித்தான். வேலப்பன் என்று ஒரு குமாஸ்தா, கட்டுரைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன், பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தின் உச்சியில் நின்று காற்று வாங்கியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விவரித்தபோது, அவன் போனது பாரிஸா பாரிமுனையா என்று யாரும் கேட்கவில்லை. இலக்கணம் சரியா என்றுதான் பார்த்தார்கள். பேசிப் பேசி எல்லோருக்கும் ஒரு நினைப்பு உள்ளே ஊறிவிட்டது. தமிழில் சொன்னால்தான் சொன்னது. இங்கிலீஷில் சொன்னது வெறும் பேச்சுப் பழக்கம்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு வேலை வந்தது. செகண்ட் லைன் பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். கப்பல் வந்து நங்கூரம் போட்டதும் படகில் போய் நூலேணியில் ஏறி, கேப்டனைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா, காய்கறி வேண்டுமா, டாக்டர் வேண்டுமா என்று கேட்டு வருகிற ஆள் வேண்டுமாம். வாட்டர் கிளார்க் என்று அதற்குப் பெயர். கடலுக்குப் பயப்படாதவனாக இருக்க வேண்டும், இங்கிலீஷும் பேச வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆள் கிடைக்காமல் ஆபீஸ் ஹெட்கிளார்க் கருணாகரன் ஃபாதரிடம் வந்தார். ஃபாதர் அவரை ஹாலுக்கு அனுப்பினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கேட்கிறேன், அப்புறம் ஒருத்தரைச் சொல்கிறேன் என்றார் அவர்.

ரகுபதிக்கு அந்த வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. நூலேணி அவனுக்கு வீட்டு வாசற்படி. அலை அவனுக்குத் தாலாட்டு. வேலைக்கான பாதி அவனிடம் பிறவியிலேயே இருந்தது. மீதிப் பாதி நாக்கில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். மாதச் சம்பளம், வெள்ளைச் சட்டை, அண்ணி அங்கம்மா குப்பத்துப் பெண்களிடம் "எங்க கொழுந்தன் கப்பல் ஆபீசு" என்று சொல்லப்போகிற தோரணை எல்லாம் கண்முன் ஓடியது. கேட்டால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் கோயில் பக்கம் போகும்போது மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கருணாகரன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ரகுபதி டின்னுக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் இருந்த தலைப்பு, 'உயரமான கட்டிடங்கள்'.

வேலப்பன் முகத்தில் பொறாமை பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கு வந்திருக்க வேண்டிய தலைப்பு. ரகுபதியோ இடிந்துபோனான். எந்த உயரமான கட்டிடத்துக்குள்ளும் அவன் காலடி வைத்ததில்லை. மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடி எழும்பி, வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயும், அவன் அதன் நிழலில்கூட நின்றதில்லை. ஆனால் கடலிலிருந்து பார்த்திருக்கிறான். சின்ன வயசிலிருந்து எத்தனையோ காலை வேளைகளில் பார்த்திருக்கிறான்.

"குட் ஈவினிங், ஃப்ரெண்ட்ஸ்" என்றான். தரை தட்டுகிற இடம் வந்தது. தட்டவில்லை.

நீங்கள் எல்லோரும் கட்டிடங்களைக் கீழேயிருந்து பார்க்கிறீர்கள், நான் கிழக்கேயிருந்து பார்க்கிறேன் என்று ஆரம்பித்தான், இங்கிலீஷில். கடலில் நின்று பார்த்தால் கட்டிடத்துக்கு மாடி கிடையாது, வாசல் கிடையாது, யார் கட்டினார்கள் என்பதும் கிடையாது. வெயில் முதலில் எதன் தலையில் விழுகிறதோ அது உயரம். பதினாலு மாடி எழும்ப ஆரம்பித்தபோது எங்கள் குப்பத்துக்காரர்கள் கரையில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் காலையில் கடலிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள், புதிதாக ஒன்று முளைத்திருந்தது. என் அப்பா அதைப் பார்த்துச் சிரித்தாராம்.

கருணாகரன் காலைக் கீழே இறக்கினார். வேலப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ரகுபதிக்குத் தன் குரலே புதிதாகக் கேட்டது. சொல் தேடாமல் சொல் வந்தது. இத்தனை நாள் அடைத்துக்கிடந்த குழாயில் தண்ணீர் வந்ததுபோல் வந்தது. அந்த நிமிஷத்தில் அவன் பட்ட சந்தோஷத்தை அவன் வாழ்நாளில் அதற்கு முன்னால் பட்டதில்லை.

கடலில் ஒற்றைக் கட்டிடத்தால் பிரயோஜனம் இல்லை என்று தொடர்ந்தான். இரண்டு வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்து நிற்கும்போது ஒரு கோடு கிடைக்கிறது. இன்னொரு பக்கம் அதேபோல இரண்டு சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் படகை நிறுத்தினால், கீழே கடலடியில் ஒரு பாறை. நாங்கள் பார் என்போம். அங்கே சங்கரா மீன் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு பார் உண்டு. அதற்கு முதல் கோடு, இந்த மாதா கோயில் கோபுரமும் அதன் பின்னால் வந்து நிற்கிற ஒரு மில் சிம்னியும்.

எந்த மில் என்று அன்று பெயரோடு சொன்னான். இங்கே அதைச் சொல்வதற்கில்லை.

"இரண்டாவது கோட்டுக்கு," என்று ஆரம்பித்தான், "முன்பெல்லாம் ஒரு பனைமரம் இருந்தது. அதை வெட்டிவிட்டார்கள். பதினாலு மாடி வந்த பிறகு என் அப்பா..."

மணி அடித்தது.

ரகுபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் இருந்தது, நன்றாகவே இருந்தது. இன்னாசிதான் கை தவறி அடித்திருப்பான் என்று நினைத்து, "என் அப்பா என்ன செய்தார் என்றால்," என்று மறுபடி தொடங்கினான். மணி விடாமல் அடித்தது. இன்னாசி எழுந்து நின்றே அடித்தான்.

"டைம் ஆயிட்ச்சி. உக்காருடான்னா உக்காரு!" என்றான், பச்சைத் தமிழில்.

ரகுபதிக்குக் கோபம் தலைக்கேறியது. "அடேய் கஸ்மாலம், டைம் இன்னும் கீதுடா! இன்னாத்துக்கு அடிக்கிறே? ஒனக்கு அந்த வேல ஓணும்னா நேரா சொல்லேண்டா!" என்று கத்தினான். இன்னும் இரண்டொன்றும் சொன்னான். அவற்றை அச்சில் போட முடியாது.

ஹாலில் சிரிப்பு வெடித்தது. "டீ! டீ!" என்று கூவினார்கள். கருணாகரன் சிரிக்கவில்லை. கப்பல் கேப்டன் முன்னால் இப்படிக் கத்துகிறவனை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் யோசிப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் தமிழ் பேசியிருந்தார்கள். ரகுபதி கெட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். இன்னாசிதான் டீ வாங்கி வந்து ஊற்றிக் கொடுத்தான். ரகுபதிக்கு ஊற்றிய டம்ளர் ஜன்னல் ஓரத்தில் ஆறிப்போய் ஏடு படிந்து கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரகுபதி அந்தப் பக்கமே போகவில்லை. இன்னாசி தபால் நிலையத்தைப் பற்றியோ எதையோ பற்றி அடக்கமாக ஐந்து நிமிஷம் பேசினான் என்றும், வேலை அவனுக்கே கிடைத்தது என்றும் கேள்விப்பட்டான். அது அவன் எதிர்பார்த்ததுதான். வலித்தது அதனால் அல்ல. ஒரே டப்பாவில் தின்றவன் முதுகில் குத்திவிட்டானே என்பதுதான். தெருவில் இன்னாசி எதிரே வந்தால் இவன் சந்தில் திரும்பினான். "இன்னா ரகு, மூஞ்சிய தூக்கி வச்சிகினு போறே?" என்று ஒருதரம் இன்னாசி பின்னாலேயே வந்து கேட்டதற்கு, இவன் ரோட்டில் துப்பிவிட்டு நடந்தான்.

அந்தச் சமயத்தில் அவனுக்கு ஆறுதலாக இருந்தவன் வேலப்பன்தான். பஸ் ஸ்டாண்டில் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தான்.

"இன்னா மாமு, சோக்கா பேசிகினு இருந்தே, பாதில நிறுத்திட்டானே அந்தப் பாவி! கோயிலு, சிம்னி, அப்பால இன்னா? அத்த கேக்காம எனக்குச் சோறு எறங்கல போ."

தன் பேச்சை மனசில் வைத்திருக்க ஒருவனாவது இருக்கிறானே என்று ரகுபதி உருகிப்போனான். அங்கேயே சொல்லியிருப்பான். பாரிமுனை பஸ் வந்துவிட்டது. "வர ஞாயித்துக்கெழம வரேன். அங்கியே இங்கிலீஷ்லயே முழுசா சொல்றேன், இரு" என்று படியில் தொற்றிக்கொண்டே சொன்னான்.

வேலப்பனின் மச்சானுக்கு இரண்டு லாஞ்சுகள் இருந்தன. அது ரகுபதிக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தது நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை, ராமதாஸோடு கடலுக்குப் போகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கிடங்கிலும் வேலை இல்லை. "நீ வாடா, கையி மறந்துட்ச்சா பாக்கலாம்" என்று அண்ணன் கூப்பிட, ரகுபதி போனான். இருட்டில் தள்ளிய கட்டுமரம் அலையைத் தாண்டி வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்தது. ரகுபதி துடுப்பைப் போட்டுக்கொண்டே கரையைத் திரும்பிப் பார்த்தான். கோயில் கோபுரத்தின் சிலுவையில் முதலில் வெயில் பட்டது. அப்புறம் ஹைகோர்ட் கலங்கரை விளக்கம், துறைமுகத்துக் கிரேன்கள், எங்கோ தூரத்தில் தீப்பெட்டியை நிறுத்தி வைத்ததுபோல் பதினாலு மாடி.

அப்பா ஞாபகம் வந்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த அடையாளங்களை அவர் இரண்டு பிள்ளைகளையும் இதே கட்டுமரத்தில் உட்காரவைத்து, இதே இடத்தில்தான் காட்டினார். கடலில் வைத்துத்தான் சொல்ல வேண்டும், கரையில் வாய் திறக்கக் கூடாது, கட்டிய பெண்டாட்டியிடம்கூட. குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் இதுதான் வழக்கம். அடையாளம் வெளியே போனால் பார் போயிற்று. இருப்பது கைப்பிடி அளவு பாறை. லாஞ்சுகள் வந்து ஒரு பருவம் வாரினால் அப்புறம் வெறும் கல்தான்.

"கம்முனு சுத்திமுத்தி பாத்துக்கோ" என்றான் ராமதாஸ். அவன் குரல் சரியாக இல்லை. "அதோ தெர்தா, வேலப்பன் மச்சான் லாஞ்சு. நாலஞ்சு நாளா கோயிலையும் சிம்னியையும் கோடு புடிச்சிகினு, ஆழம் பாக்க ஈயக்குண்டு வுட்டுகினு, மேலயும் கீழயும் போய்கினு கீறான். யாரோ பாதிய சொல்லிகிறாங்கோ. மீதியயும் சொல்லிட்டா நம்ப கத அவ்ளோதான்."

ரகுபதியின் கையிலிருந்த துடுப்பு நின்றது.

தூரத்தில் அந்த லாஞ்சு புகை விட்டுக்கொண்டு கோபுரத்தின் நேர்கோட்டிலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மாதா கோயில் ஹாலில் அவன் சொன்ன வாக்கியத்தின் மேலேயே அது போய்க்கொண்டிருந்தது. தமிழில் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். இங்கிலீஷில், கைதட்டலுக்காக, கேட்காமலே சொல்லியிருந்தான். சொன்னோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. காஷ்மீரும் கார்களும் பறந்த அந்த ஹாலில் முதல்முதலாக நிஜத்தைப் பேசியவன் அவன்தான். அந்த நிஜமும் இதுவாகப் போயிற்று.

"அண்ணே, நான்தான்" என்றான்.

ராமதாஸ் கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் ரகுபதிக்கு நன்றாக இருந்திருக்கும். லாஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டாவது கோடு?" என்றான்.

"அத்த சொல்லங்காட்டியும் இன்னாசி மணி அடிச்சிட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் ரகுபதிக்கு, தான் சொன்னது காதில் விழுந்தது. நேரம் இருந்தும் அடித்த மணி. எழுந்து நின்று அடித்த மணி. கட்டுமரம் மிதந்து மிதந்து வந்து, பதினாலு மாடி தன் துணையோடு சேர்கிற இடத்தில் நின்றது. எந்தத் துணை என்பதை அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமலே பார்த்துக்கொண்டார்கள். லாஞ்சு கண்ணுக்குத் தப்பும்வரை தூண்டில் இறக்கவில்லை.

அன்று மாலை கோயில் தெருவில் இன்னாசி தன் வீட்டு வாசலில் புது வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ரகுபதி போய் எதிரில் நின்றான்.

"துப்பறதுக்கு எங்க வூட்டு வாசல் வரிக்கும் வந்தியா?" என்றான் இன்னாசி, ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

"வேலப்பன் மச்சான் பாதிக் கோட்ட புடிச்சிட்டான்."

"தெரியும். எங்கண்ணனுங்கோ சொன்னாங்கோ."

"அன்னிக்கி நீ அத்துக்காகத்தான் மணி அடிச்சியா?"

"பின்ன? வேலப்பன் நாக்கத் தொங்கப் போட்டுகினு குந்திகினு கீறான். நீ பாட்டுக்கு நைனா சொன்னத அவுத்து வுட்டுகினு போறே."

"அப்பால என்னான்ட வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? நான் வேலைய சுட்டுட்டேன்னு நீதான் ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சே." இன்னாசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். உள்ளே அவன் அண்ணன்மார்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "வேலப்பன் காதுக்காக மட்டும் அடிக்கல ரகு. எங்காதுக்கும்தான் அடிச்சேன். எங்க வூட்லயும் ஒரு லாஞ்சு கீது. இந்த வருஷம் மீனே இல்ல. எங்கண்ணனுங்கோ மூஞ்சப் பாத்துகினு நான் அத்த எத்தினி நாளு வவுத்துலயே வச்சிகினு இருப்பேன்? ஒருநாளு கக்கிடுவேன். அதான், கேக்கவே கூடாதுன்னு அடிச்சேன்."

ரகுபதி மன்னிப்புக் கேட்க வந்தவன். அந்த வார்த்தை இங்கிலீஷில் சுலபமாக இருந்தது, ஹாலில் நிமிஷத்துக்கு ஒரு 'சாரி' சொல்வார்கள். தமிழில் எடுக்க வரவில்லை.

"ஞாயித்துக்கெழம வேலப்பன் கேப்பானே" என்றான் கடைசியில். "வந்து முழுசா சொல்றேன்னு வாக்கு வேற குடுத்துகிறேன்."

இன்னாசி சட்டையை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "குடுத்த வாக்க ஏண்டா காப்பாத்தாம வுடணும்? சொல்லேன். காஷ்மீருக்குப் போய்ட்டு வந்த கையோட சொல்லேன்."

ரகுபதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், அத்தனை நாளைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. கருணாகரன் இல்லை, அவருக்கு இனி இங்கே வேலை இல்லை. வேலப்பன் மட்டும் முதல் வரிசையில், அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இன்னாசி மணியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தான். போன தடவை பாதியில் நின்ற பேச்சை முடிக்க அனுமதி வேண்டும் என்று ரகுபதி கேட்டான். கைதட்டினார்கள்.

"குட் ஈவினிங், ஃப்ரெண்ட்ஸ். சென்ற முறை பதற்றத்தில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன்."

கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வந்து நிற்கிற சிம்னி அந்த மில்லுடையது அல்ல என்றான். அது பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸின் சிம்னி. அதிலும் தெற்கோரச் சிம்னி. இது முதல் கோடு. இரண்டாவது கோட்டுக்குக் கோட்டையின் கொடிமரத்தைப் பிடிக்க வேண்டும். அதன் பின்னால் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு வந்து ஒட்டும்போது படகை நிறுத்த வேண்டும். மணிக்கூண்டின் செந்நிறத்தைப் பற்றியும், அதைக் கட்டியவர்கள் தங்களை அறியாமல் மீனவர்களுக்குச் செய்த உபகாரத்தைப் பற்றியும் உருக்கமாக நாலு வாக்கியம் சேர்த்தான். பதினாலு மாடியைப் பற்றி ஒருவன் கேட்டபோது, அது அழகான கட்டிடம், ஆனால் கடலில் அதனால் ஒரு பயனும் இல்லை என்று வருத்தத்தோடு தலையாட்டினான்.

அவன் சொன்ன இடத்தில் இருந்தது சேறு. ஒரு நண்டுகூட அங்கே குடித்தனம் பண்ண மறுத்த சேறு. அன்று அவன் வாயிலிருந்து வந்தது அத்தனையும் பொய், ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை, இலக்கணத்திலும் ஒருவரால் குறை சொல்ல முடியவில்லை. வேலப்பனின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கொடிமரம், மணிக்கூண்டு, கொடிமரம், மணிக்கூண்டு என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். கட்டுரை மனப்பாடம் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாதே.

பேசும்போதே ரகுபதி ஓரக்கண்ணால் இன்னாசியைப் பார்த்தான். இன்னாசி மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிஷம் முழுசாக முடிந்தது. அதற்கு மேலும் ஒரு நிமிஷம் விட்டுத்தான் மணி அடித்தான்.

அந்த வருஷத்தில் அந்த ஹாலில் அப்படி ஒரு கைதட்டல் எழுந்ததில்லை. கருணாகரன் இருந்து கேட்டிருந்தால் வேலையைத் தூக்கிக் கொடுத்திருப்பார் என்றுகூட ஒருவன் சொன்னான். இருக்கலாம். ரகுபதிக்கு அதில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. இனி வெள்ளைச் சட்டை போடப் போகிறவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன், இவன் இல்லை. திங்கட்கிழமை மறுபடி மூட்டை எண்ணப் போக வேண்டும்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவன் ஹாலின் குறுக்கே பார்த்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னான்.

"டேய் இன்னாசி, உம்மேல தப்பா நெனச்சிட்டேண்டா. மனசுல வச்சிக்காத."

"தமிழ்! தமிழ்! டீ!" என்று ஹாலே கூவியது. நல்லா வந்த பேச்சைக் கடைசியில் இப்படிக் கோட்டை விட்டானே என்று வேலப்பன்கூட அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினான்.

ரகுபதி கெட்டிலை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனான். திரும்பி வந்து முதல் டம்ளரை ஊற்றி, முன்வரிசையைத் தாண்டி, ஓரத்துக்கு நடந்துபோய் இன்னாசியின் கையில் கொடுத்தான். இன்னாசி மணியைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டான். ஊதி ஊதி, சூடாகவே குடித்து முடித்தான்.